லேபிள் இல்லாத பாதி

ஷாம்பூப் போத்திலில் லேபிளின் ஒரு மூலைதான் கிளம்பியது. வினோஜா நகத்தைச் செருகி இழுத்தாள். அது முழுதாக உரியாமல் நூல் நூலாகக் கிழிந்து நகக்கண்ணுக்குள் ஏறியது. தண்ணீரில் பிடித்துத் தேய்த்தும் பார்த்தாள். கனடாவில் ஒட்டிய பசை, புத்தூர்க் கிணற்றுத் தண்ணீருக்கு மசிகிற மாதிரி இல்லை.

ஒழுங்கையில் சுதாகரன் அண்ணையின் ஓட்டோ விடாமல் ஹோர்ன் அடித்தது. ஓட்டோவுக்குள் அவளுடைய மச்சாள் மதுரா ஈரத் துவாயைத் தலையில் போட்டபடி கிடந்தாள். நெற்றியிலிருந்து காது வரைக்கும் தோல் சிவந்து நீர் கோத்திருந்தது. கண்கள் இரண்டும் வீங்கி, இமை எது கன்னம் எது என்று தெரியாமல் ஒட்டிப் போயிருந்தன. வினோஜாவின் அம்மா சிவகௌரி அவளை மடியில் தாங்கியிருந்தாள். மதுராவின் தாய் பாலேஸ்வரி மாமி ஒரு காலை ஓட்டோவிலும் மற்றக் காலை ஒழுங்கையிலும் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"பிள்ளை, போத்தில் கிடைச்சுதோ? டொக்டர் கேப்பினம். எங்கடை வீட்டு மேசையிலை என்ரை போனும் கிடக்கு, அதையும் எடுத்துக்கொண்டு ஓடிவா."

"ஓம் மாமி, வாறன்."

அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் போத்திலின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தலையில் மூன்று நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். எரிவு தோன்றினால் உடனே கழுவவும். அந்த இரண்டு வரியும் இல்லாமல் போனால் அவள் தப்பினாள். ஏனென்றால், எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று அன்று காலை மாமி வாட்ஸ்அப்பில் கேட்டபோது, அரை மணித்தியாலம் என்று குரல் பதிவு அனுப்பியவள் அவள்தான். எரிந்தால் பயப்படவேண்டாம், வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று கடைசியில் ஒரு வால் வேறு சேர்த்திருந்தாள்.

பிடிபடப்போகிற பயத்தில் மற்ற மூலையையும் சுரண்டினாள். ஆனால் அந்தப் பயத்துக்கும் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: நல்லா வேணும்.

அந்தக் குரல் வைகாசி மாதத்திலிருந்தே அவளுக்குள் இருந்தது.

வினோஜாவும் மதுராவும் நெல்லியடியில் ஒரே டியூட்டரிக்குப் போகிறவர்கள். ஒருத்தி உயிரியல், மற்றவள் வர்த்தகம், பொது ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரே வகுப்பு. ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே பஸ்ஸில் இறங்குவார்கள். வைகாசியில் ஒருநாள் வினோஜா முன் சீற்றில், மதுரா பின் சீற்றில். பஸ் வல்லைவெளிக்குள் இறங்கியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், மறிக்க ஒரு மரமில்லை, காற்று யன்னலால் அள்ளிக்கொண்டு வந்தது. வினோஜாவின் தலைமயிர் கலைந்து பின்னால் பறந்தது. மயிர் மட்டும் பறந்திருந்தால் பரவாயில்லை. பல மாதமாக எந்த எண்ணெய்க்கும் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத பொடுகும் சேர்ந்து பறந்து மதுராவின் கறுப்புச் சட்டையில் கொட்டியது.

மதுரா ஒன்றும் சொல்லாமல் தட்டி விட்டிருக்கலாம். அவள் முதலில் போனை எடுத்தாள். சட்டையின் தோளைக் கிட்டப் பிடித்து ஒரு படம், வினோஜாவின் பின்மண்டையை இன்னும் கிட்டப் பிடித்து ஒரு படம். பஸ் நெல்லியடிச் சந்திக்கு வர முதல் இரண்டும் வகுப்புக் குழுவில் விழுந்திருந்தன. கீழே எழுதியிருந்தாள்: "கனடாவுக்கு ஏன் காசு கட்டிப் போவான், வல்லைவெளியிலையே பனி கொட்டுது."

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பனி. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசை வாங்கில் யாராவது ஸ்வெட்டர் போடுகிறமாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். ஆங்கிலம் படிப்பிக்கிற சேர்கூட ஒருநாள், வின்ரர் முடிஞ்சுதோ என்று கேட்டார். சிரித்தவர்களில் மதுராவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. வீட்டில் வந்து அவள் அழுதபோது, அதெல்லாம் விளையாட்டுத்தானே, சொந்த மச்சாளோடை ஆரும் கோவிப்பினமோ என்று அம்மா கேட்டாள். மதுரா தன் பின்னலை முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டு நடப்பாள். இடுப்புக்குக் கீழே போகிற பின்னல். அந்தப் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் வினோஜாவுக்குக் கத்தரிக்கோலின் சத்தம் கேட்கும்.

கனடாவில் இருக்கிற பத்மாசினி சித்திக்கு அம்மா இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆடி பிறந்தபிறகு வந்த பாசலில், சொக்லேற்றுக்கும் நோவு மாத்திரைக்கும் நடுவில், டீ ட்றீ ஷாம்பூ என்று எழுதிய பெரிய போத்தில் ஒன்று இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கடை தேயிலையை வாங்கி, போத்திலிலை அடைச்சு, எங்களுக்கே அனுப்பிறாங்களோ?"

அது தேயிலையே இல்லை என்று வினோஜா சொன்னாள். அவுஸ்திரேலியாவில் நிற்கிற வேறொரு மரம், அதன் இலையில் வடிக்கிற எண்ணெய், பொடுகை வளர்க்கிற பூஞ்சணத்தை அது அடக்கும். இதையெல்லாம் அவள் போத்திலோடு உட்கார்ந்து, லேபிளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் தேடிப் படித்திருந்தாள். முதலில் தண்ணீர். பிறகு நுரை வருவதற்கு ஒரு சல்பேற்று, அது அழுக்கோடு சேர்த்துத் தலையின் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். அதன் கடுமையைக் குறைக்கத் தேங்காயில் இருந்து எடுக்கிற ஒன்று. செதிலைக் கழற்றச் சலிசிலிக் அமிலம். குளிர்ச்சிக்குப் புதினா எண்ணெய். கெட்டுப்போகாமல் இருப்பதற்கு, வாசிக்கவே மூச்சு வாங்குகிற பெயரோடு ஒரு பொருள். சிலபேருடைய தோலுக்கு அது அறவே ஒத்துக்கொள்ளாதாம். டீ ட்றீ எண்ணெயும் அப்படித்தான், அளவோடு நின்றால் மருந்து, தோலில் கனநேரம் கிடந்தால் புண். முழங்கை மடிப்பில் ஒரு துளி பூசி, ஒருநாள் முழுக்க விட்டுப் பார்த்தபிறகுதான் அவள் தலையில் வைத்தாள். வைத்ததும் மூன்று நிமிடம்தான்.

அது வேலை செய்தது. முதலில் கடியும் அரிப்பும் நின்றன. பிறகு கடதாசித் துண்டு மாதிரி விழுந்தவை தூளாகின, பிறகு தூளும் இல்லை. மயிர் நுனி மட்டும் தும்பு மாதிரிக் காய்ந்தது, அதற்கு முழுகினபிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுவிட்டாள். ஆவணி கடைசியில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு டியூட்டரிக்குப் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் மட்டும் பனி என்றே நின்றது.

மதுராவின் கண்ணுக்கு அது தப்பவில்லை. அவளுக்கும் கொஞ்சநாளாக உச்சியில் செதில் கண்டிருந்தது. தாயை அனுப்பினாள். வெளிநாட்டிலிருந்து என்ன வந்தாலும் பக்கத்தில் இருக்கிற சொந்தத்துக்குப் பாதி போகவேண்டும், அதிலும் புருசனின் தமக்கை வீடு என்றால் கேட்கமுன்பே போகவேண்டும். அம்மா மாமியிடம் குறை கேட்க விரும்பாதவள். வெறும் சோடாப் போத்திலொன்றைக் கழுவி, புனலை வைத்து, ஷாம்பூவைச் சரிபாதியாக ஊற்றினாள். லேபிள் இந்த வீட்டில் நின்றது, ஷாம்பூ வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் அந்த வீட்டுக்குப் போனது.

அதனால்தான் மாமி காலையில் கேட்டார், எவ்வளவு நேரம் பிள்ளை விடவேணும் என்று. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். வினோஜா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, குரலை இனிப்பாக்கி, அந்தப் பதிலைச் சொன்னாள். அனுப்பினபிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சரியும் நீலமாகின. மாமி பார்த்துவிட்டார்.

பிறகு அவள் செய்ததைப் படிப்பு என்று சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் காது கொடுத்திருந்தாள். கடைசியில் தாங்காமல் பொட்டடிக்குப் போனாள். மதுரா கிணற்றுக்கட்டில் இருந்தாள். தலை முழுக்கத் துவாய், நெற்றியில் நுரை காய்ந்த கோடு, மடியில் போன்.

"உனக்கும் உப்பிடி எரிஞ்சதோடி?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் வினோஜாவின் வாய் திறந்ததுதான். கழுவடி என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்ததுதான். ஆனால் மதுராவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"எரிஞ்சாப் பரவாயில்லை. உன்ரை பனி எனக்கும் தொத்திப்போட்டுது. பஸ்ஸிலை உனக்குப் பின்னாலை இருந்ததுக்குத் தண்டனை."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். வினோஜா வந்த சொல்லை விழுங்கினாள். கொஞ்சம் எரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து புத்தகத்துக்கு முன்னால் இருந்தாள். இருதயத்தின் குறுக்குவெட்டு முகம். இடது இதயவறை, வலது இதயவறை. எழுத்துகள் அசையவில்லை, அவளும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, வேலிக்கு அப்பால் மதுரா கத்தின சத்தத்தில்தான் எழும்பினாள்.

இப்போது ஓட்டோ மறுபடியும் அடித்தது. லேபிள் அரைகுறையாகக் கிழிந்து தொங்கியது, அந்த இரண்டு வரியும் ஒரு எழுத்துக் குறையாமல் அவளைப் பார்த்தன. போத்திலை விட்டுவிட்டு முதலில் போனைப் பார்ப்பம் என்று வேலியால் புகுந்து மாமி வீட்டுக்கு ஓடினாள். குரல் பதிவை அழித்துவிட்டால், லேபிள் என்ன சொன்னாலும் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று நிற்கலாம்.

போன் தொலைக்காட்சிக்கு முன்னால் மேசையில் கிடந்தது. திரையில் விரலால் கோடிழுத்து மாமி அதைத் திறக்கிற கோலம் குடும்பத்துக்கே தெரியும். திறந்தாள். தன் பெயரைத் தொட்டாள். குரல் பதிவு அங்கே இருந்தது. அழிப்பதற்கு விரலை அமர்த்தப் போனவள் நின்றாள்.

பதிவின் பக்கத்தில் இருக்கிற சின்ன மைக் படம் பச்சையாக இருந்தது. கேட்டிருந்தால் அது நீலமாகியிருக்கும். மாமி பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. அவளுடைய சொல் அந்த வீட்டில் ஒருவருடைய காதிலும் விழவில்லை.

அவளுக்கு உடனே விளங்கியது. மாமி தன் வாழ்நாளில் தலைக்கு வைத்ததெல்லாம் அரைத்த வெந்தயமும் அரப்பும்தான். பூசவேண்டும், துவாயால் கட்டவேண்டும், டீவியில் ஒரு நாடகம் முடியுமட்டும் ஊறவேண்டும், பிறகு முழுகவேண்டும். ஷாம்பூவும் தலைக்கு வைக்கிறதுதானே. எரிகிறது என்று மகள் சொன்னால், எரிந்தால்தான் பொடுகு சாகும் என்று மாமியே சொல்லியிருப்பார். வினோஜா யோசித்து யோசித்துச் செய்த பொய்யை, அவர்கள் கேட்காமலே தங்கள் பாட்டில் செய்து முடித்திருந்தார்கள்.

நியாயமாக அவளுக்கு அப்போது மூச்சு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். வைகாசியிலிருந்து காத்திருந்து, குரலை இனிப்பாக்கி, குறிபார்த்து எறிந்த கல்லு. அது படவே இல்லையாம். மதுரா தானாகவே விழுந்தாளாம். மதுராவின் தலை வெந்ததில் வினோஜாவுக்கு ஒரு பங்கும் இல்லையென்றால், பனி என்ற பெயருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. போனை மேசையில் ஓங்கி அடிக்கலாம் போல இருந்தது.

அழித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அழித்தாள். போத்திலையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினாள்.

வழியெல்லாம் மாமி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சந்நிதியில் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்ந்தார். மதுரா முனகிக்கொண்டே கிடந்தாள். குழிகளில் ஓட்டோ விழும்போதெல்லாம் அவளுடைய கை பக்கத்தில் இருந்தவளைத் தேடிப் பிடித்தது. பக்கத்தில் இருந்தவள் வினோஜா.

ஆசுபத்திரியில் இருந்த இளம் டொக்டர் போத்திலை வாங்கி, கிழிந்த லேபிளை ஒட்டிப் பிடித்து வாசித்தார். எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று கேட்டார். ஒரு நாடகம் முடியுமட்டும் என்று மாமி சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சிலருக்கு இதில் இருக்கிற எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தும் ஒத்துக்கொள்ளாது, எது என்று பிறகு சோதித்துத்தான் பார்க்கவேண்டும். ஆனால் இவ்வளவு நேரம் கட்டி வைத்தால் ஒத்துக்கொள்கிற தோலும் வெந்துவிடும் என்றார். கண்ணுக்குள் போனதா என்று நாளைக்குத்தான் சரியாகத் தெரியும். உச்சியில் தோல் கழன்றிருக்கிற இடத்துக்கு மருந்து போட மயிரை வெட்டவேண்டும்.

"இதிலை மூண்டு நிமிசம் எண்டு எழுதியிருக்கே அம்மா. ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்தினார். "எங்களுக்கு வந்தது சோடாப் போத்திலிலை, டொக்டர். பிள்ளைட்டைக் கேட்டனான். அவள் பதிலும் போட்டவள். எனக்குத்தான் அதைக் கேக்க நேரம் வரேல்லை. வெந்தயம் மாதிரித்தானே எண்டு நினைச்சிட்டன்."

அம்மா வினோஜாவின் பக்கம் திரும்பினாள். அம்மாவின் பார்வை போத்திலில் தொங்கிய லேபிளுக்கும் மகளின் நகத்துக்கும் ஒருமுறை போய்வந்தது.

"என்னெண்டு பதில் போட்டனீ?"

"மூண்டு நிமிசம் எண்டு."

சொல் வழுக்கிக்கொண்டு வந்தது. சொன்னபிறகுதான் அது எவ்வளவு நல்ல சொல் என்று அவளுக்கே தெரிந்தது. மாமி அவளைக் கட்டிக்கொண்டு, என்ரை பிள்ளை சொல்லியும் கேளாமல் விட்ட பாவி நான் என்று அழுதார். அம்மாவின் முகம் இளகியது. டொக்டர்கூட, படிக்கிற பிள்ளை என்று தலையாட்டினார். வைகாசியிலிருந்து ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

மருந்து கட்டுகிற அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். மாமிக்கு இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். வினோஜா போனாள். தாதி ஈரத் துவாயை அவிழ்த்து, உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தாள். கத்தரிக்கோலின் சத்தம் வினோஜா நினைத்து வைத்திருந்தது மாதிரியே இருந்தது. நீளமான மயிர் தட்டத்தில் வளைந்து வளைந்து விழுந்தது. உச்சி வெறுமையாகி, சிவந்து, ஈரமாக மினுங்கியது. செதில் செதிலாகத் தோல் எழும்பி நின்றது. ஒரு படம் எடுத்தால் என்ன என்று அவளுக்கு வந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. போனைத் தொட்டது. எடுக்கவில்லை. எடுக்காததற்கு இரக்கம் காரணமா, தாதி நிற்கிறாளே என்ற பயம் காரணமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

தாதி மருந்துச்சீலை எடுக்க வெளியே போனாள். மதுரா கண் திறக்க முடியாமல், முகத்தை அவளிருக்கிற பக்கமாகத் திருப்பினாள்.

"அம்மாவுக்கு நீ சொன்னது எனக்கும் கேட்டது, வினோ."

"ம்."

"மூண்டு நிமிசம் எண்டுதான் அனுப்பினனீ?"

"ஓம்."

மதுராவின் வீங்கின இமைக்குள்ளால் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, அவள் அதைத் துடைக்கவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல், கணக்கு ஒன்று பிழைக்கிறபோது கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"அப்ப நான் துவாயோடை கிணத்துக்கட்டிலை இருக்கேக்கை வந்து பாத்தனியே. எரியுது எண்டும் சொன்னனான். ஏனடி கழுவச் சொல்லேல்லை?"